புது அவுட்போட் எஞ்சினுக்கு எந்தப் பெற்றோல், எந்த ஒயில், எந்த 'மருந்து'? மலைநாட்டு நீர்நிலைகளுக்கான கணக்கு

காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ நுவரெலியா கிரகரி வாவியிலோ படகுக்குப் புது அவுட்போட் எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) மாட்டியவருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எஞ்சின் விற்றவர் "95 மட்டும் போடுங்க" என்பார். கடல் தொழில் தெரிந்தவர் மண்ணெண்ணெய் கலந்தால் செலவு குறையும் என்பார். உதிரிப்பாகக் கடையில் ஒக்டேன் ஏற்றும் போத்தல் ஒன்றைக் கையில் திணிப்பார்கள். யூடியூபைத் திறந்தால் தமிழ்நாட்டுக் காணொளி ஒன்று எத்தனாலைக் காட்டிப் பயமுறுத்தும். இந்த யோசனைகள் எல்லாம் எங்கேயோ, ஏதோ ஓர் எஞ்சினுக்குச் சரியாக இருக்கலாம். ஆறாயிரம் அடி உயரத்தில், ஓட்டம் பழகாத புது எஞ்சினுக்கு அவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது. அதற்கான காரணத்தை எஞ்சினின் வகையிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் எந்த வகை?

மீன்பிடித் திணைக்களத் தாள்களில் 'வெளியிணைப்பு இயந்திரம்' என்று எழுதப்படுவதுதான் அவுட்போட். எரிபொருள் விடயத்தில் அதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. டூ ஸ்ட்ரோக்: பெரும்பாலும் தனி ஒயில் தொட்டி இருக்காது. பெற்றோலோடு கலந்து போகும் ஒயில்தான் பிஸ்டனையும் பெயரிங்கையும் காக்கிறது. சில மாதிரிகளில் ஒயிலைத் தானாகச் செலுத்தும் பம்ப் இருக்கும்.

2. காபரேட்டர் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக்: ஒயில் அளவு பார்க்கும் குச்சி இருக்கும். பெற்றோலில் ஒயில் கலக்கக் கூடாது.

3. இஎஃப்ஐ ஃபோர் ஸ்ட்ரோக்: பெற்றோலை இன்ஜெக்டர் பீச்சும். காற்றழுத்தத்தை சென்சர் அளந்து கலவையைச் சரிசெய்யும்.

4. மண்ணெண்ணெய் எஞ்சின்: கரையோர மீனவர்களுக்கென்றே வரும் தனி மாதிரி. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது.

இனி வரும் ஒவ்வொரு முடிவும் இந்த வகையைப் பொறுத்தது. கையேட்டின் எரிபொருள் பக்கத்தையும் ஒயில் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் வாக்குவாதம் மிச்சம்.

92-ஆ, 95-ஆ?

ஒக்டேன் என்பது பெற்றோலின் பலத்தைக் குறிக்கும் எண் இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது, பிளக் பொறி தட்டும் முன்னரோ தாறுமாறாகவோ தீப்பிடிக்காமல் தாங்கும் சக்தியைத்தான் அந்த எண் சொல்கிறது. தாங்காவிட்டால் எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். அந்தத் தட்டல் நீண்டால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். எஞ்சின் கேட்கும் அளவு ஒக்டேன் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் வேகமும் கூடாது, ஆயுளும் கூடாது.

இங்கே ஒரு குழப்பம் கையேட்டிலிருந்தே வருகிறது. சில கையேடுகளில் 'குறைந்தது 87' என்றும், சிலவற்றில் 'குறைந்தது 90' அல்லது '91' என்றும் இருக்கும். 87 என்பது அமெரிக்க பம்புகளில் எழுதும் எண். இரண்டு சோதனை முறைகளின் சராசரி அது. இலங்கை பெற்றோல் செட்டுகளில் காணும் 92, 95 ஆகியவை அவற்றில் ஒரு முறையான ஆர்ஓஎன் முறையின் எண்கள். அமெரிக்காவின் 87 நம் கணக்கில் ஏறத்தாழ 91. ஆகவே 87 கேட்கும் எஞ்சினுக்கும் 91 கேட்கும் எஞ்சினுக்கும் 92 போதும். இங்கே விற்பனையாகும் சிறிய, நடுத்தர அவுட்போட்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். கையேடு 95 அல்லது அமெரிக்கக் கணக்கில் 89 அல்லது அதற்கு மேல் கேட்டால் மட்டும் 95 போடுங்கள். அப்படிக் கேட்பவை பெரும்பாலும் பெரிய, அதிக அழுத்த எஞ்சின்கள்.

உயரம் ஏறினால் மாறும் கணக்கு

கிரகரி வாவி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காசல்ரீ சுமார் 1,100 மீற்றர், கொத்மலை சுமார் 700, விக்டோரியா 440க்குச் சற்றுக் குறைவு, ரந்தெனிகல 230ஐ ஒட்டியது. ஒரே மாதிரி எஞ்சின் இந்த ஐந்து இடங்களிலும் ஒரே மாதிரி ஓடாது.

நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு. அதனால் அழுத்தமும் குறைவு. இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

முதலாவது, ஒக்டேன் தேவை குறைகிறது. அமெரிக்காவின் மலை மாநிலங்களில் 87க்குப் பதில் 85 விற்பதற்கு இதுதான் அடிப்படை. கொழும்பில் 92இல் தட்டாமல் ஓடும் எஞ்சின் நுவரெலியாவில் தட்டுவதற்கு இன்னும் குறைவான காரணமே உண்டு. மலைக்குப் போவதால் 95 வேண்டும் என்பது தலைகீழான யோசனை. இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைச் சேர்த்து வைத்தால் சில மாதங்களில் ஒரு நல்ல ஃபில்டர் வாங்கலாம்.

இரண்டாவது, சக்தி குறைகிறது. ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. 15 குதிரைவலு எஞ்சின் கிரகரி வாவியில் 12ஐ ஒட்டித்தான் தரும். எந்தப் பெற்றோலும் எந்தப் போத்தலும் அதை மீட்டுத் தராது. இல்லாத காற்றைப் போத்தலில் ஊற்ற முடியாதே. செய்யக்கூடியது புரொப்பெல்லரை மாற்றுவது. முழுச் சுமையோடு முழு த்ரொட்டில் கொடுக்கும்போது கையேடு சொல்லும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுற்று) வரம்பை எஞ்சின் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் தேவை. ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். பெரிய பிட்சோடு திணறி ஓடும் எஞ்சினில் கரி சேரும், சூடேறும். 'பெற்றோல் சரியில்லை' என்று சொல்லப்படும் பல கோளாறுகள் இப்படிப் புரொப்பெல்லரில் தொடங்கியவை.

மூன்றாவது விளைவு காபரேட்டர் எஞ்சினுக்கு மட்டும். காற்று மெலிந்தாலும் ஜெட் (காபரேட்டரில் பெற்றோல் வரும் சிறு துளை) அதே அளவுக்குக் கிட்டத்தான் பெற்றோலை விடும். நுவரெலியா உயரத்தில் கலவை ஏறத்தாழ 10 சதவீதம் பெற்றோல் கூடியதாகிவிடும். பிளக் கரிபிடிக்கும், ஐட்லிங் தடுமாறும், கரும்புகை வரும், செலவு ஏறும். இதைச் சரிசெய்வது சிறிய மெயின் ஜெட். எந்த எண் ஜெட் என்பதை எஞ்சின் மாதிரியையும் உயரத்தையும் சொல்லி முகவரிடம் கேட்க வேண்டும். வாங்கும்போதே கேட்பது நல்லது. உத்தரவாதக் காலத்தில் நாமாகத் திறந்தால் அதுவே சாக்காகிவிடும். அப்படி ஜெட் மாற்றிய எஞ்சினைத் திருகோணமலைக்கோ நீர்கொழும்புக்கோ கொண்டுபோய் அப்படியே ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் எரியும். இறங்கும்போது பழைய ஜெட் திரும்ப வர வேண்டும். இஎஃப்ஐ எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மண்ணெண்ணெய் கலப்பது

மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலின் பாதியைக்கூட எட்டாது. அதற்கென்று செய்த எஞ்சினில் சிலிண்டர் அழுத்தமும் காபரேட்டரும் வேறு. சாதாரணப் பெற்றோல் எஞ்சினில் கலந்தால் தட்டல் வரும். பாதி எரியும் மண்ணெண்ணெய் கரியாகப் படியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது ரிங் வழியாக இறங்கி ஒயிலை நீராக்கும். இதோடு மலைநாட்டுக் குளிரும் சேர்கிறது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. காலையில் 10 பாகைக்குக் கீழே போகும் நுவரெலியாவில் ஸ்டார்ட் ஆவதே பாடு. கடலோரத்தில் இது நடக்கிறதே என்றால், அங்கே நடப்பது அதற்கான எஞ்சினில்.

வாங்கிய பெற்றோலில் யாராவது கலந்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் ஆவியாகி ஏறத்தாழ அடையாளம் இல்லாமல் போகும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை தங்கும். ஒயில் கலந்த டூ ஸ்ட்ரோக் பெற்றோலில் இந்தச் சோதனை பலிக்காது. ஒயிலே கறை விடும்.

எத்தனால் பயம்

இந்தியாவில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெற்றோல் விற்கிறார்கள். அதனால் அங்குள்ள காணொளிகளில் எத்தனாலுக்கான மருந்துப் போத்தல்கள் நிறைய வருகின்றன. இலங்கையில் அப்படியொரு கலப்புத் திட்டம் நடைமுறையில் இல்லை. பெரும்பாலான அவுட்போட் கையேடுகள் 10 சதவீதம் வரை எத்தனாலை ஏற்கின்றன. எனவே அந்தப் போத்தலுக்கு இங்கே வேலை இல்லை.

சந்தேகம் தீராதவர் வீட்டிலேயே பார்க்கலாம். அளவுக்கோடு உள்ள கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலீற்றர் தண்ணீர், அதன் மேல் 90 மில்லிலீற்றர் பெற்றோல். மூடிக் குலுக்கி நிமிர்த்தி வையுங்கள். அடியில் தண்ணீர் அதே 10இல் நின்றால் எத்தனால் இல்லை. கோடு மேலே ஏறினால் இருக்கிறது. வெளியில், நெருப்புக்கு எட்டாத தூரத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

உண்மையான எதிரி தண்ணீர்

மலைநாட்டில் எஞ்சினைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். மே மாதம் தொடங்கி தென்மேற்குப் பருவ மழை ஹட்டன், நோர்வூட் பக்கம் வாரக்கணக்கில் விடாது. பாதி காலியான தொட்டிக்குள் ஈரக் காற்று புகும். இரவுக் குளிரில் அது உள்சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். பெற்றோலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியிலேயே தேங்கும். உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் உள்ளே போனால் எஞ்சின் விக்கி நிற்கும். ஓரிரு நாள் அப்படியே விட்டால் காபரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொருக்கு பூக்கும். இஎஃப்ஐ எஞ்சினில் இன்ஜெக்டர் துருப்பிடிக்கும். அதன் விலை நம்மைக் கலங்க வைக்கும்.

தடுப்பது இப்படி:

1. தொட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் 10 மைக்ரோன் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்துங்கள். அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாக வாங்கினால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். புதுப் படகில் எந்தப் போத்தலுக்கும் முன்னர் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

2. ஓட்டம் முடிந்ததும் தொட்டியின் காற்றுத் திருகை மூடி, நிழலில், கூரைக்குக் கீழ் வையுங்கள். இரவில் படகிலேயே விட வேண்டாம்.

3. மழையில் கேன் மூடியைத் திறந்து ஊற்றும்போது குடை பிடிப்பதில் வெட்கம் வேண்டாம்.

4. மாதத்துக்கு ஒரு தடவை தொட்டியின் அடிப்பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பாருங்கள். அடியில் உருண்டை உருண்டையாக உருள்வது தண்ணீர்.

கேன் மலையேறும்போது

கீழ்நாட்டில் நிரப்பி இறுக மூடிய கேனை லொறியில் ஏற்றி நுவரெலியா கொண்டுவந்தால் அது பந்துபோல உப்பியிருக்கும். வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது, உள்ளே பழைய அழுத்தமே நிற்கிறது. சடாரென்று திறந்தால் பெற்றோல் முகத்தில் தெறிக்கும். அவுட்போட்டின் சொந்தத் தொட்டியை அப்படி உப்பியபடியே எஞ்சினோடு இணைத்தால் இன்னொரு கோளாறு: உள்ளழுத்தம் பெற்றோலைத் தள்ளி, காபரேட்டரின் ஊசி வால்வைத் தாண்டி, எஞ்சினை நனைத்துவிடும். பிறகு எவ்வளவு கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பெற்றோல் வாடை மட்டும் வரும்.

காற்றுத் திருகை மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சீறல் அடங்கிய பிறகு குழாயை இணைத்து, கை பம்பை இறுகும்வரை அமுக்குங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நிரப்பினால் இந்தச் சிரமமே இல்லை. வியாபாரம் அதிகமுள்ள செட்டைத் தேர்ந்தெடுத்தால் நிலத்தடித் தாங்கியில் பெற்றோல் பழையதாகும் வாய்ப்பும் குறைவு. 95 மெதுவாக விற்கும் சிறு நகரச் செட்டில் 92தான் புதிதாக இருக்கும் என்பதையும் கவனிக்கலாம்.

ஒயில்: இங்கேதான் தவறு விலை உயர்ந்தது

டூ ஸ்ட்ரோக்குக்கு: போத்தலில் 'டிசி-டபிள்யூ3' என்ற முத்திரை இருக்க வேண்டும். செட்டில் பழைய ஆட்டோவுக்கும் புல் வெட்டும் மெஷினுக்கும் விற்கும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஒயில் வேறு இனம். அவை காற்றால் குளிரும், சூடாக ஓடும் எஞ்சினுக்கானவை. சாம்பல் விடும் சேர்க்கைகள் அவற்றில் உண்டு. அவுட்போட் தண்ணீரால் குளிர்வது. காசல்ரீத் தண்ணீர் குளிர்ந்தது என்பதால் எஞ்சின் இன்னும் குளிராக ஓடும். அதில் அந்தச் சாம்பல் பிளக்கிலும் ரிங்கிலும் ஒட்டும். சாம்பலற்ற டிசி-டபிள்யூ3 இதற்கென்றே வந்தது.

அளவு கையேட்டின்படி. பொதுவாகக் காணும் அளவுகள் இவை:

50:1 என்றால் 10 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர்.
25:1 என்றால் 10 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர்.

பல டூ ஸ்ட்ரோக் மாதிரிகள் முதல் 10 மணித்தியாலத்துக்கு 25:1 கேட்கும், பிறகு 50:1. ஒயில் பம்ப் உள்ள மாதிரியாக இருந்தால், அந்த முதல் மணித்தியாலங்களுக்கு பம்ப் தருவதற்கு மேலதிகமாகத் தொட்டியிலும் 50:1 கலக்கச் சொல்வது வழக்கம். கலக்கும்போது பாதிப் பெற்றோல், பிறகு முழு ஒயில், குலுக்கல், பிறகு மீதிப் பெற்றோல், மீண்டும் குலுக்கல். குளிர்காலக் காலையில் ஒயில் தேன்போல இறுகியிருக்கும்; அப்படியே ஊற்றினால் அடியில் தங்கும். போத்தலைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள். அடுப்பருகே வேண்டவே வேண்டாம்.

ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு: 'எஃப்சி-டபிள்யூ' முத்திரை, பொதுவாக 10டபிள்யூ-30. கிடைக்காவிட்டால் கையேடு மாற்றாகச் சொல்லும் தரத்தைப் போடலாம். பைக்குக்கு வாங்கிய 20டபிள்யூ-50 மீந்திருக்கிறது என்று ஊற்றுவது குளிர் இடத்தில் பிழை; காலையில் தடித்த ஒயில் மேலே ஏறத் தாமதிக்கும்.

கிரகரி வாவி போன்ற இடத்தில் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இன்னொரு வியாதி உண்டு. சுற்றுலாப் பயணிகளை ஏற்றி நாள் முழுக்க மெதுவாக ஊர்ந்தால் எஞ்சின் சரியாகச் சூடேறாது. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் நனைந்து ஒயிலுக்குள் இறங்கும். குச்சியை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும், பெற்றோல் மணக்கும். ரிங் இன்னும் உட்காராத புது எஞ்சினில் இது அதிகம். வாரம் ஒரு தடவை குச்சி பாருங்கள். அனுமதியுள்ள இடத்தில் இடையிடையே சில நிமிடம் வேகமாக ஓட்டிச் சூடேற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் ஒயிலை மாற்றுங்கள்.

ஓட்டிப் பழக்கும் காலம் பெரும்பாலும் 10 மணித்தியாலம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வழக்கமான முறை: முதல் மணித்தியாலம் அரை த்ரொட்டிலுக்கு மேல் வேண்டாம், இரண்டாவதில் முக்கால் வரை, மீதி எட்டில் முழு வேகம் கொடுக்கலாம், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல். எல்லாக் கட்டத்திலும் வேகத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒயிலும் ஒயில் ஃபில்டரும் கீழ்ப்பகுதி கியர் ஒயிலும் முதலில் மாற வேண்டியது பொதுவாக 20 மணித்தியாலத்தில்.

போத்தல் 'மருந்துகள்'

கடையில் இருப்பவற்றை வேலையின்படி பிரித்தால்:

1. ஒக்டேன் ஏற்றி: தேவையில்லை. சிலவற்றில் உள்ள மாங்கனீசு பிளக்கில் செம்மண் நிறமாகப் படியும்.

2. தண்ணீர் நீக்கி: பெரும்பாலும் ஆல்ககோல். துளித் தண்ணீரைக் கரைத்து எஞ்சின் வழியாக எரிய விடும். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதற்கு மருந்து வடித்து ஊற்றுவதுதான்.

3. கரி நீக்கி: மெதுவாக ஓடும் எஞ்சினில் நூறு மணித்தியாலம் தாண்டிய பிறகு பயன் உண்டு. 'பிஇஏ' (கரியைக் கரைக்கும் ஒரு சேர்க்கை) உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். புது எஞ்சினில் நீக்குவதற்குக் கரி இல்லை.

4. ஸ்டெபிலைசர்: பெற்றோல் காற்றோடு சேர்ந்து பிசினாவதைத் தாமதப்படுத்தும். புது எஞ்சினுக்குப் பணம் கொடுத்து வாங்கத் தக்கது இது ஒன்றுதான். அதுவும் எஞ்சின் ஒரு மாதத்துக்கு மேல் ஓடாமல் கிடக்கப் போகிறதென்றால். புதுப் பெற்றோலில்தான் போட வேண்டும். கெட்டதை இது நல்லதாக்காது. போத்தலில் எழுதிய அளவுக்கு மேல் ஊற்றினாலும் பயன் கூடாது.

2022 தட்டுப்பாட்டு நாட்களில் பழகிய கேன் சேமிப்பு பல வீடுகளில் இன்னும் தொடர்கிறது. பெற்றோல் அரிசி இல்லை. எளிதில் ஆவியாகும் பாகம் முதலில் பறந்துவிடும். குளிரில் ஸ்டார்ட் ஆக உதவுவது அந்தப் பாகம்தான். மூன்று மாதம் கிடந்து நிறம் கறுத்து, புளித்த வார்னிஷ் வாடை வந்ததை எஞ்சினுக்குக் காட்டவே வேண்டாம்.

மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது

காபரேட்டர் எஞ்சின்: ஸ்டெபிலைசர் கலந்த புதுப் பெற்றோலில், எஞ்சினைக் குளிரூட்டும் தண்ணீர் ஓட்டத்தோடு, 10 நிமிடம் ஓட்டுங்கள். குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை விடுங்கள். பிறகு காபரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி மீதியைத் துணியில் வடியுங்கள். நிற்கும்வரை ஓடியதால் மட்டும் கிண்ணம் காலியாகாது.

இஎஃப்ஐ எஞ்சின்: அதே 10 நிமிடம் ஓட்டிச் சாவியால் நிறுத்துங்கள். பெற்றோல் தீரும்வரை உலர ஓட்டினால் உள்பம்ப் கெடும்.

டூ ஸ்ட்ரோக்: கடைசி வேலையாகப் பிளக்கைக் கழற்றிச் சிறிது டிசி-டபிள்யூ3 ஒயிலைத் துளைக்குள் விட்டு, கில் சுவிட்ச் கயிறு (எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு) கழற்றிய நிலையில் இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுங்கள்.

வடித்த பழைய பெற்றோலைக் கரையில் கொட்டக் கூடாது. காசல்ரீ கெஹெல்கமு ஓயாவிலும் மவுசாகலை மஸ்கெலி ஓயாவிலும் கட்டப்பட்டவை. இரண்டும் சேர்ந்துதான் களனி கங்கை, அதன் தண்ணீர்தான் அம்பத்தலேயில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்புக்குக் குடிக்கப் போகிறது. தண்ணீர் கலக்காத, ஒயில் சேர்க்காத பழைய பெற்றோலாக இருந்தால், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு புதியதைச் சேர்த்துப் பழைய காபரேட்டர் பைக்கில் எரித்து முடிக்கலாம். தண்ணீரோ ஒயிலோ கலந்ததை உலோகக் கேனில் மூடி, கழிவு ஒயில் எடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.